அந்த விலைக்கு யார் வாங்கினார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

தானிய ஃபியூச்சர்ஸில் (பின்னொரு மாதத்தில் தரும் சரக்குக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள்) பேக்டெஸ்ட் செய்வது, அதாவது ஒரு வர்த்தக விதியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பது பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை முழுவதும் அதற்கே ஒதுக்குகிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், விஷயத்தை மாற்றவில்லை.

ஐயா, சிகாகோ மக்காச்சோளத்தின் 20 வருட விலையை இறக்கி எக்செல்லில் ஓட்டிப் பார்த்தேன். 20 நாள் உச்சத்தைத் தாண்டினால் லாங் (வாங்குவது), 20 நாள் தாழ்வை உடைத்தால் ஷார்ட் (முதலில் விற்று, பிறகு திரும்ப வாங்குவது), அவ்வளவுதான் விதி. நம்ப முடியாத லாபம் வருகிறது. ஷீட்டை அனுப்பியிருக்கிறேன். என் சேமிப்பை இதில் போடலாமா?

போடாதீர்கள், தம்பி. உங்கள் ஷீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். சூத்திரங்களைச் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் நீங்கள் இறக்கிய விலையில் இருக்கிறது.

2013 ஜூலை நடுப்பகுதிக்குப் போங்கள். 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை முடிவு விலை புஷெலுக்கு (அமெரிக்கத் தானிய அளவு) ஏழு டாலரை ஒட்டி இருக்கிறது. அதற்கு அடுத்த வரி திங்கட்கிழமை. விலை ஐந்தரை டாலர் பக்கம். வாரக் கடைசியில் மக்காச்சோளம் ஒன்றரை டாலர் விழுந்துவிட்டதா? எதுவும் விழவில்லை. வெள்ளியோடு ஜூலை காண்ட்ராக்ட் (ஜூலையில் சரக்கு தரும் ஒப்பந்தம்) முடிந்தது. திங்கள் முதல் உங்கள் ஷீட்டில் இருப்பது செப்டம்பர் காண்ட்ராக்ட். டேட்டா விற்றவர் ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலையை ஒட்டித் தந்திருக்கிறார்.

அந்தத் திங்கட்கிழமை உங்கள் விதி என்ன செய்கிறது என்று பாருங்கள். 20 நாள் தாழ்வு ஆறரை டாலர் அளவில் இருந்தது. விலை ஐந்தரைக்கு வந்ததும் தாழ்வு உடைந்துவிட்டது என்று சிக்னல். நீங்கள் விற்ற விலையாக அந்த ஆறரையையே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே நுழைந்த அன்றே புஷெலுக்கு ஒரு டாலர் லாபம். ஒரு காண்ட்ராக்டுக்கு 5,000 புஷெல், ஆக 5,000 டாலர். செப்டம்பர் காண்ட்ராக்ட் அந்த வாரம் ஆறரை டாலரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த விலைக்கு உங்களிடம் யார் வாங்கினார்கள்?

இப்படி ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொண்டே போனேன். உங்கள் ஷீட்டின் பெரிய லாபங்களில் பல, ஒட்டுப்போட்ட தேதிகளிலேயே விழுந்திருந்தன.

அந்த இடைவெளி ஏன் வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2012-இல் அமெரிக்க மக்காச்சோளப் பகுதியில் கடும் வறட்சி. 2013 ஜூலையில் கையில் இருந்தது அந்த வறட்சி வருடத்தின் மிச்சச் சரக்கு, அதனால் கிராக்கி. டிசம்பர் காண்ட்ராக்டோ வயலில் நின்றுகொண்டிருந்த புதுப் பயிரின் விலை. அந்த வருடம் மகசூல் நன்றாக வரும் என்று சந்தை எதிர்பார்த்ததால் அது ஐந்து டாலரை ஒட்டியே இருந்தது. பழைய வெள்ளாமை, புது வெள்ளாமை என்று இரண்டு சரக்கு, இரண்டு விலை. மக்காச்சோளத்தின் கணக்கு ஆண்டு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. ஜூலையிலிருந்து செப்டம்பருக்கோ டிசம்பருக்கோ தாவும்போது நீங்கள் வேறொரு அறுவடைக்குள் போகிறீர்கள். பங்குச் சந்தைக் குறியீட்டு ஃபியூச்சர்ஸில் பழகியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

சரி, எப்படித் திருத்துவது? மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், டிசம்பர் என்று மக்காச்சோளத்துக்கு வருடத்தில் ஐந்து காண்ட்ராக்ட். ஒவ்வொன்றின் விலையையும் தனித்தனி ஷீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ரோல் செய்யும் நாளை, அதாவது முடியப்போகும் காண்ட்ராக்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் நாளை, முன்கூட்டியே ஒரு விதியாக எழுதிவிடுங்கள். டெலிவரி மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி வேலை நாளில் டெலிவரி நோட்டீஸ் (சரக்கை ஒப்படைக்கும் அறிவிப்பு) வரத் தொடங்கிவிடும். அதற்குச் சில நாட்கள் முன்பே வெளியேறுகிற மாதிரி வையுங்கள். 20 நாள் உச்சம், தாழ்வு கண்டுபிடிக்க மட்டும், இடைவெளியைக் கழித்துச் சரிசெய்த தொடர் விலையைப் பயன்படுத்தலாம். லாப நஷ்டக் கணக்கு, கையில் இருக்கிற காண்ட்ராக்டின் சொந்த விலையில்தான் போட வேண்டும். சரிசெய்த தொடரில் சதவீதம் எடுக்கவே எடுக்காதீர்கள். பழைய வருடங்களுக்குப் போகப் போக அந்த விலைகள் நிஜத்திலிருந்து விலகிப் போகும், சில சமயம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்.

அப்புறம் செலவு. உங்கள் ஷீட்டில் அதற்கு ஒரு பத்தியே இல்லை. மிகச் சிறிய விலை அசைவு (ஒரு டிக்) கால் சென்ட், அதாவது ஒரு காண்ட்ராக்டுக்கு 12.50 டாலர். வாங்கும்போது ஒரு டிக், விற்கும்போது ஒரு டிக் நழுவினால் 25 டாலர். கமிஷன் தனி. ஒவ்வொரு ரோலும் இன்னொரு முறை விற்று வாங்குவது, அதற்கும் இதே செலவு உண்டு. இத்தனையும் சேர்த்து உங்கள் விதியை மறுபடி ஓட்டினேன். லாபம் கணிசமாகக் கரைந்துவிட்டது. திருத்திய ஷீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாராந்திரப் பயிர் நிலை அறிக்கையில் நன்றாக இருக்கும் பயிரின் சதவீதம் குறைந்தால் மக்காச்சோளம் வாங்குவது என் உத்தி. பேக்டெஸ்டில் அருமையாக வருகிறது, நேரடியாகச் செய்தால் வரவில்லை. எங்கே தப்பு?

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு பக்கென்றது. இதே உத்தி, இதே தப்பு. ஒரு கோடை முழுக்க நான் இதில் பணம் இழந்திருக்கிறேன்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் அந்த அறிக்கை, ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிற வாரத்துக்கானது. தரவுக் கோப்பில் தேதி ஞாயிறு என்றே பதிவாகியிருக்கும். வெளியாவதோ திங்கட்கிழமை மாலை, கிழக்கு அமெரிக்க நேரப்படி 4 மணிக்கு. சிகாகோவில் அப்போது மணி 3. பகல் வர்த்தகம் 1.20-க்கே முடிந்துவிட்டது. அடுத்து சந்தை திறப்பது இரவு 7 மணிக்கு.

என் நிரல் தேதியை மட்டும் பார்த்தது. ஞாயிறு தேதியிட்ட எண் இருக்கிறதே என்று திங்கள் காலையிலேயே வாங்கிவிட்டது. மாலை வரப்போகும் அறிக்கையைக் காலையிலேயே படித்துவிட்ட மாதிரி. வாரக் கடைசியில் மழை பெய்ததா, வெயில் காய்ந்ததா என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், மோசமான அறிக்கை வரப்போகும் திங்கட்கிழமையில் விலை பகலிலேயே ஏறிவிடுவதுண்டு. அந்த ஏற்றம் முழுவதையும் என் பேக்டெஸ்ட் என் கணக்கில் வரவு வைத்தது. நேரடியாகச் செய்தபோது அறிக்கை வந்த பிறகு, இரவு 7 மணிக்குத்தான் வாங்க முடிந்தது. முதலில் புரோக்கர் மேல் சந்தேகப்பட்டேன், ஆர்டரைத் தாமதமாகப் போடுகிறார் என்று. வாங்கிய சீட்டுகளையும் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் விளங்கியது. ஷீட்டின் கொள்முதல் எல்லாம் திங்கள் காலை. சீட்டில் எல்லாம் திங்கள் இரவு. ஒரு தடவைகூடப் பொருந்தவில்லை.

அன்றிலிருந்து என் எல்லாக் கோப்புகளிலும் இரண்டு தேதிப் பத்திகள் உண்டு. எந்த நாளைப் பற்றிய எண் என்பது ஒன்று, எந்த நாள், எந்த மணிக்கு வெளியானது என்பது இன்னொன்று. நிரல் இரண்டாவதை மட்டும்தான் பார்க்கலாம். பெரிய நிதிகள் எவ்வளவு லாங், எவ்வளவு ஷார்ட் என்று சொல்லும் வாராந்திர அறிக்கைக்கும் இது பொருந்தும். அதில் இருப்பது செவ்வாய்க்கிழமை நிலவரம், கைக்கு வருவது வெள்ளிக்கிழமை பிற்பகல். மூன்று நாள் வித்தியாசம்.

மாதாந்திர உலகத் தேவை–வழங்கல் அறிக்கையில் இன்னும் நுணுக்கமான சிக்கல் இருக்கிறது. 2013 ஜனவரியிலிருந்து அது கிழக்கு நேரம் நண்பகல் 12 மணிக்கு, சந்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே வருகிறது. அதற்கு முன்பு காலை 8.30-க்கு வந்தது. 2012 மே வரை அந்த நேரத்தில் சிகாகோ சந்தை மூடியிருந்தது. இரவு வர்த்தகம் முடிந்து, பகல் வர்த்தகம் தொடங்காத இடைவேளை. அதனால் பழைய வருடங்களில் அறிக்கையின் தாக்கம் பகல் திறப்பு விலையில் தெரியும், புதிய வருடங்களில் நடுப்பகலில் தெரியும். "அறிக்கை நாளில் திறப்பு விலைக்கு வாங்கு" என்ற ஒரே விதி, முதல் பாதியில் அறிக்கைக்குப் பிறகும் இரண்டாம் பாதியில் அறிக்கைக்கு முன்பும் வாங்குகிறது. அதிலும் "திறப்பு விலை" என்று கோப்பில் இருப்பது காலை விலையா, முந்தின இரவு 7 மணி விலையா என்று டேட்டா கொடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கோப்புகளில் அது வர்த்தகத் தளத்தில் கூவி விற்ற காலை விலையாக இருக்கும். மக்காச்சோள ஃபியூச்சர்ஸின் அந்தத் தளம் 2015 ஜூலையில் மூடப்பட்டது.

திருத்தங்களையும் மறக்காதீர்கள். மகசூல், பரப்பு, இருப்பு எல்லாம் பின்னால் திருத்தப்படும் எண்கள். இப்போது இறக்கினால் இறுதி எண்தான் கிடைக்கும். அன்று காலை வியாபாரி கையில் இருந்தது முதல் மதிப்பீடு. பழைய அறிக்கைகள் அப்படியே பொதுவில் கிடைக்கின்றன, ஒவ்வொன்றாகத் திறந்து தட்டச்சு செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நான் செய்த வேலைகளிலேயே அதிகம் கற்றுத்தந்தது இதுதான். அரசு நிர்வாகம் முடங்கியதால் 2013 அக்டோபரிலும் 2019 ஜனவரியிலும் அந்த மாதாந்திர அறிக்கை வரவே இல்லை என்பது கையால் தட்டச்சு செய்தவருக்கு மட்டும்தான் உறைக்கும். உங்கள் நிரல் அந்த மாதங்களில் என்ன செய்தது?

கோதுமையில் ஷார்ட் உத்தி ஒன்று வைத்திருக்கிறேன். 15 சென்ட் ஸ்டாப் லாஸ் (நஷ்டம் அந்த அளவைத் தொட்டதும் வெளியேறும் ஆர்டர்). பேக்டெஸ்டில் எந்த டிரேடிலும் 750 டாலருக்கு மேல் நஷ்டம் இல்லை, 2022 உட்பட. என் கணவர் "அது நடக்காது" என்கிறார். யார் சொல்வது சரி, சார்?

அவர் சொல்வதுதான் சரி, அம்மா.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. இரண்டும் உலகுக்குக் கோதுமை ஏற்றுமதி செய்யும் பெரிய நாடுகள். மார்ச் முதல் வாரத்தில் சிகாகோ கோதுமை தொடர்ந்து பல நாட்கள் மேல் லிமிட்டில் பூட்டிக்கொண்டது. ஒரு நாளில் அனுமதிக்கப்பட்ட உச்ச விலையில் வாங்குவதற்கு நீண்ட வரிசை நிற்கிறது, விற்பதற்கு ஆள் இல்லை என்று அர்த்தம். உங்கள் ஸ்டாப் ஆர்டரும் அந்த வரிசையில்தான் நின்றிருக்கும். லிமிட் 75 சென்டுக்கு விரிந்திருந்த நாட்களில், ஒரு காண்ட்ராக்டுக்கு ஒரே நாளில் 3,750 டாலர். அடுத்த நாளும் பூட்டிக்கொண்டால் இன்னொரு முறை.

உங்கள் நிரலுக்கு இது தெரியாது. அன்றைய உச்சம் ஸ்டாப் விலையைத் தாண்டியதா என்று மட்டும் பார்க்கிறது. தாண்டியிருந்தால் 15 சென்டில் வெளியேறியதாக எழுதிக்கொள்கிறது.

இப்படி மாற்றுங்கள். சந்தை ஸ்டாப்புக்கு மேலேயே திறந்தால் வெளியேறும் விலை அந்தத் திறப்பு விலை. திறந்ததே லிமிட்டில் என்றால் அன்று வெளியேறவே முடியவில்லை என்று வையுங்கள். பூட்டு அவிழ்கிற முதல் நாள் வரை நஷ்டம் ஓடட்டும். இதற்கு அந்தந்த நாளின் லிமிட் என்ன என்ற பட்டியல் தேவை. 2014 மே முதல் அது வருடத்துக்கு இரண்டு தடவை, மே, நவம்பர் மாதங்களின் முதல் வர்த்தக நாளில், விலையை ஒட்டி மாற்றப்படுகிறது. லிமிட்டில் முடிந்தால் மறுநாள் ஒன்றரை மடங்கு விரியும். டெலிவரி மாதத்துக்குள் வந்துவிட்ட காண்ட்ராக்டுக்கு லிமிட் கிடையாது. அதனால் அதன் விலையை வைத்து டெஸ்ட் செய்துவிட்டு அடுத்த மாதத்தில் டிரேட் செய்தாலும் கணக்கு பொய்யாகும்.

போர் வந்தால்தான் இப்படி ஆகும் என்றும் இல்லை. 2019 ஆகஸ்ட் 12 அன்று பரப்பும் மகசூலும் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று அறிக்கை வந்ததும், டிசம்பர் மக்காச்சோளம் 25 சென்ட் கீழ் லிமிட்டில் போய் நின்றது. 1980 ஜனவரியில் சோவியத்துக்குத் தானியம் அனுப்ப அமெரிக்கா தடை போட்டபோது, தானிய ஃபியூச்சர்ஸ் வர்த்தகத்தையே இரண்டு நாள் நிறுத்திவைத்தார்கள்.

இதையெல்லாம் சேர்த்த பிறகும் உங்கள் உத்தி நிற்கிறதா என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். நின்றால், எத்தனை காண்ட்ராக்ட் என்பதை அந்த மோசமான வாரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். 15 சென்டை வைத்து வேண்டாம்.

ஜூன் நடுவில் டிசம்பர் மக்காச்சோளத்தை விற்று, செப்டம்பர் கடைசியில் திரும்ப வாங்கினால் 15 வருடத்தில் 11 வருடம் லாபம். சுமார் 40 தேதி ஜோடிகளைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தேன். நம்பலாமா?

40 ஜோடிகளைப் பார்த்தேன் என்று மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் அதைச் சொல்வதே இல்லை.

ஒரு நாணயத்தை 15 முறை சுண்டினால் 11 அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு கிட்டத்தட்ட 6 சதவீதம். அப்படி 40 நாணயம் சுண்டினால் இரண்டு மூன்று நாணயங்கள் இந்த மாதிரி விழுந்துவிடும். உங்கள் 40 ஜோடிகள் ஒன்றோடொன்று மேற்பொருந்துபவை, அதனால் கணக்கு அச்சாக இது இல்லை. ஆனாலும் 11/15 என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு டிரேட் என்றால் 15 வருடத்துக்கு 15 டிரேட்தான். தினசரி விலை ஆயிரக்கணக்கில் இருப்பதால் நிறைய ஆதாரம் இருப்பதாகத் தோன்றும், அது தோற்றம் மட்டுமே.

ஆனால் இந்த டிரேடை நான் ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். ஏனென்றால் இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. மக்காச்சோளம் பூத்து மணி பிடிப்பது பெரும்பாலும் ஜூலையில். அதற்கு முன், ஜூனில், மழை தவறிவிடுமோ என்ற பயமும் விலைக்குள் சேர்ந்திருக்கும். மழை பெய்துவிட்டால் அந்தப் பயத்தின் விலை இறங்கிவிடும். அப்போது விற்பவர், மற்றவர்களின் பயத்துக்குக் காப்பீடு கொடுப்பவர் மாதிரி. பல வருடம் சின்னச் சின்னதாகப் பிரீமியம் வரும். வறட்சி வருடத்தில் மொத்தமாக எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். 2012-இல் இதே தேதிகளுக்கு நடுவே டிசம்பர் மக்காச்சோளம் இரண்டு டாலருக்கு மேல் ஏறியது. ஒரு காண்ட்ராக்டுக்கு 10,000 டாலருக்கு மேல் நஷ்டம். உங்கள் 11 லாப வருடங்களின் தொகையைக் கூட்டி, அதற்குப் பக்கத்தில் இந்த ஒரு எண்ணை வையுங்கள். எத்தனை தடவை ஜெயித்தோம் என்ற சதவீதம் இந்த மாதிரி டிரேடில் ஒன்றுமே சொல்லாது.

இன்னொன்று செய்யுங்கள். தேதிகளை முன்னும் பின்னும் பத்துப் பத்து நாள் நகர்த்துங்கள். பயம் இறங்குவதுதான் காரணம் என்றால் லாபம் மெதுவாகக் கூடிக் குறைய வேண்டும். ஜூன் 14-க்கு லாபம், ஜூன் 18-க்கு நஷ்டம் என்று வந்தால் நீங்கள் கண்டுபிடித்தது அந்த 15 வருடங்களின் தற்செயல்.

எத்தனை வருட டேட்டா போதும்?

1988 வறட்சியும் 2012 வறட்சியும் உள்ளே வருகிற அளவுக்கு. ஆனால் எல்லா வருடத்தையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள். 2005-இலும் 2007-இலும் அமெரிக்காவில் வந்த எரிபொருள் சட்டங்களால் மக்காச்சோளத்தில் ஒரு பெரிய பங்கு எத்தனாலுக்குப் போகத் தொடங்கியது. அதற்கு முன்பு நெடுங்காலம் இரண்டு மூன்று டாலருக்குள் சுற்றிய விலை, பிறகு அந்த வட்டத்துக்குள் நிற்கவில்லை. இரண்டு டாலர் சந்தையில் 10 சென்ட் ஸ்டாப் என்றால் 5 சதவீதம். ஏழு டாலர் சந்தையில் அதே 10 சென்ட் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு, காலை அசைவிலேயே போய்விடும். சென்டில் எழுதிய விதிகளை அன்றன்றைய ஏற்ற இறக்கத்தின் அளவுக்கு மாற்றி எழுதுங்கள்.

என்ன சாஃப்ட்வேர் வாங்கலாம்?

எக்செல் போதும். முதல் 30 டிரேடுகளை நிரலின்றிக் கையால் எழுதிப் பாருங்கள்: காண்ட்ராக்ட் மாதம், தேதி, மணி, விலை, அன்றைய லிமிட்.

நீங்கள் முன்பு எழுதியபடி எல்லாவற்றையும் திருத்தினேன். வருடத்துக்கு 40 சதவீதம் என்று வந்த உத்தி இப்போது 6 சதவீதம் என்கிறது. மனசு விட்டுப்போச்சு. தூக்கிப் போட்டுவிடட்டுமா?

தூக்கிப் போடாதீர்கள். அந்த 40 உங்களிடம் எப்போதுமே இருந்ததில்லை. இந்த 6, செலவும் லிமிட்டும் வெளியீட்டு நேரமும் கழிந்த பிறகு மிஞ்சியது. எனக்கு இந்த மாதிரி எண்ணைப் பார்த்தால் மரியாதை வரும்.

இனி ஒரு விதியையும் மாற்றாதீர்கள். மாற்றினால் இதுவரை பார்த்த வருடங்களுக்கு ஏற்ப வளைக்கத்தான் கை போகும். அடுத்த வருட டிசம்பர் காண்ட்ராக்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசியில் விதைப்பு எண்ணங்கள் பற்றிய அறிக்கை வரும் நாளில் தொடங்கி, அறுவடை முடியும் வரை, சிக்னல் வரும்போதெல்லாம் திரையில் அந்த நிமிடம் தெரியும் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பணம் போட வேண்டாம். நவம்பரில் அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள், பேக்டெஸ்ட் ஷீட்டோடு வரிக்கு வரி வைத்துப் பார்ப்போம்.